இரண்டாம் பாகம் என்றாலே பயமாக இருக்கிறது: குடும்ப அனிமேஷன் படங்கள் ஏன் இப்படிக் கைவிடுகின்றன?

கோட்டாறுக்காரன்

இந்த இழைக்குக் காரணம் 'மோவானா 2'. 2024 நவம்பர் கடைசியில் வெளியானது. சவேரியார் கோவில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள், பிள்ளைகள் கேட்டார்கள், போனோம். வசூல் ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியது என்பது எனக்கும் தெரியும். அதை யாரும் வந்து எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

2016இல் வந்த முதல் படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. கடல் கூப்பிடுகிறது, அப்பா தடுக்கிறார், தாண்டிப் போகிறாள். இரண்டாம் படத்தில் அவளைத் தடுப்பவர் யாருமில்லை. போகச் சொல்கிறார்கள், போகிறாள். படகில் கூடவே மூன்று பேரை ஏற்றிவிடுகிறார்கள். ஒருத்தி படகு கட்டுபவள், ஒருவன் கதை சொல்பவன், ஒருவர் விவசாயக் கிழவர். மூவரும் ஆளுக்கு ஒரு நகைச்சுவையோடு ஏறி, அதே நகைச்சுவையோடு இறங்குகிறார்கள். நடுவில் எவருக்கும் எதுவும் நடக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடும்போது வில்லனைக் காட்டி மூன்றாம் பாகத்துக்குத் துண்டு போடுகிறார்கள். கல்யாணப் பந்தி எழுவதற்குள் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை நீட்டுகிற கதை.

படம் அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீரும் முடியும் வெளிச்சமும் முதல் படத்தைவிட நன்றாகவே இருந்தன. பிறகு எது இல்லை? உங்களை ஏமாற்றிய படம் எது, அது எந்த இடத்தில் சறுக்கியது என்று எழுதுங்கள். 'சின்னப் பிள்ளைகள் படத்துக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி' என்பவர்கள் தயவுசெய்து வேறு இழை பார்க்கவும்.

சுங்கான்கடை2004

அண்ணாச்சி, 'மோவானா 2'வை நான் ஏமாற்றம் என்றே சொல்லமாட்டேன். சுமாரான படம், அவ்வளவுதான். ஏமாற்றம் என்றால் 'டாய் ஸ்டோரி' படங்களின் கிளையாக 2022இல் வந்த 'லைட்இயர்'. படம் தொடங்கும்போதே திரையில் எழுத்துப் போடுகிறார்கள்: 1995இல் ஆண்டி என்ற பையனுக்கு ஒரு பொம்மை கிடைத்தது, அது அவனுக்குப் பிடித்த படத்திலிருந்து வந்தது, இதுதான் அந்தப் படம் என்று. சரி, ஒரு சிறுவன் பைத்தியமாகத் திரிந்த படம் அல்லவா, கூத்தும் கும்மாளமுமாக இருக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், நடுவயதுக்காரரின் குற்றவுணர்ச்சியைப் பற்றிய படம் ஓடுகிறது. வில்லன் முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் வயதான அதே நாயகன் பஸ் லைட்இயர். ஆண்டி இதைப் பார்த்துவிட்டா அம்மாவிடம் பொம்மை கேட்டிருப்பான்? தூங்கியிருப்பான்.

அந்த ரோபோ பூனை மட்டும் நன்றாக இருந்தது.

கழக்கூட்டம் ரயில்

குழித்துறையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் அனிமேஷன் வேலை செய்கிறவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மோவானா 2' முதலில் சினிமாவாகத் திட்டமிடப்பட்டதே அல்ல. 2020இல் அதை இணையத் தொடர் என்றுதான் அறிவித்தார்கள். 2024 பிப்ரவரியில் 'இனி இது தொடர் இல்லை, சினிமா' என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் திரைக்கு வந்துவிட்டது. கோட்டாறு அண்ணாச்சி சொல்லும் குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. தொடருக்கு நிறைய ஆட்கள் வேண்டும். ஒரு வாரம் படகு கட்டுபவளின் கதை, ஒரு வாரம் கிழவரின் கதை என்று நகர்த்தலாம். அதைச் சுருக்கி ஒன்றரை மணி நேரத்தில் அடைத்தால் ஆட்கள் மிஞ்சுவார்கள், அவர்களுடைய கதைகள் காணாமல் போகும். வௌவால் கூட்டத்தோடு வரும் அந்த மாத்தாங்கியை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டுப் பாடுகிறாள், போய்விடுகிறாள். எட்டு வாரத் தொடரில் அவளுக்கு மூன்று வாரமாவது கிடைத்திருக்கும்.

இது புதிய நோயும் அல்ல. 1994இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' வந்தது. டிஸ்னியின் அலாவுதீன் படத்தின் தொடர்ச்சி, தியேட்டருக்கு வராமல் நேரே வீடியோ கேசட்டாக. சிறிய செலவு, பெரிய விற்பனை. ருசி கண்டுவிட்டார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிண்ட்ரெல்லா, போகஹோண்டாஸ், முலான், பாம்பி என்று ஒருவரையும் விடவில்லை. 2002இல் வந்த சிண்ட்ரெல்லா இரண்டாம் பாகத்தில் மூன்று குட்டிக் கதைகளை ஒட்டிவைத்து ஒரு படம் என்றார்கள். அதில் ஒன்று, மனிதனாக மாறும் எலியின் கதை. 2003இல் 'அட்லாண்டிஸ்' தொடர்ச்சி இன்னும் மோசம். பாதியில் கைவிட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரின் பகுதிகளைத் தைத்து ஒரே படமாக விற்றார்கள். 2006இல் 'டாய் ஸ்டோரி' எடுத்த பிக்ஸார் ஸ்டூடியோவை டிஸ்னி வாங்கிய பிறகு, பொறுப்புக்கு வந்த ஜான் லாசெட்டர் இந்த வீடியோ தொடர்ச்சி வியாபாரத்தை நிறுத்தினார். அந்தப் படங்களை எடுத்த டிஸ்னிடூன் ஸ்டூடியோவை 2018இல் மூடியும்விட்டார்கள். வீடியோவுக்கு எடுத்ததை வீடியோவிலேயே விற்றதால் அன்று தியேட்டர் தப்பித்தது. இன்று இணையத்துக்கு எடுத்தது தியேட்டருக்கு வருகிறது.

மார்த்தாண்டத்து அம்மா

அந்தக் கேசட் படங்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு விசிடியாக வந்தன. வாடகைக்கு எடுத்துவருவோம், பாதியில் சிக்கும், துணியால் துடைத்து மறுபடி போடுவோம். அலாவுதீன் இரண்டாம் பாகத்தில் பூதம் வேறு ஆளாகப் பேசுகிறதே என்று என் மூத்தவன் கேட்டான். அவன் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. ராபின் வில்லியம்ஸ் அந்தப் படத்தில் பேசவில்லை, மூன்றாம் பாகத்துக்குத்தான் திரும்பி வந்தார் என்று பிற்பாடு படித்தேன். படம் வரைந்தவர்களும் சளைத்தவர்கள்தான். துணி மடிப்பெல்லாம் தட்டையாக, பின்னணியில் ஆட்களே இல்லாத கடைத்தெரு. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

இப்போது செலவு வேறு. எங்களுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். தமிழில் வேண்டுமென்றால் கிழக்கே, ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் வடக்கே. நான்கு பேருக்கு டிக்கெட், 3டி கண்ணாடி, பஸ், இடைவேளைத் தீனி என்று கூட்டினால் ஒரு மாத மளிகையில் பாதி போகிறது. ஒரு தியேட்டரில் (பெயர் வேண்டாம்) விளக்கு மங்கலாகி, அதன்மேல் அந்தக் கண்ணாடியையும் மாட்டினால் சிங்கமும் பாறையும் ஒன்றாகத் தெரிந்தன. இத்தனையும் கொடுத்துவிட்டு, 'அம்மா, பழைய படத்தையே வீட்டில் போட்டிருக்கலாம்' என்று சின்னவள் சொன்னால் எப்படி இருக்கும்?

சுங்கான்கடை2004

சிங்கம் என்றால் 2019 'லயன் கிங்'தானே அக்கா? அந்தப் படத்துக்குத் தியேட்டர் விளக்கைக் குறை சொல்ல வேண்டாம். நல்ல வெளிச்சத்திலும் அப்படித்தான் இருந்தது.

மார்த்தாண்டத்து அம்மா

அதேதான் தம்பி. ஆனால் தமிழ்க் குரல்களைக் குறை சொல்லமாட்டேன். வில்லன் சிங்கம் ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. காட்டுப்பன்றியும் கீரியும் வந்த இடமெல்லாம் தியேட்டர் சிரித்தது. குரலில் இருந்த உயிர் முகத்தில் இல்லை.

கழக்கூட்டம் ரயில்

அக்கா ஒரே வரியில் சொன்னதைத் தொழில்காரனாகக் கொஞ்சம் விரிக்கிறேன். 1994 படத்தில் ஸ்காரின் புருவத்தைக் கவனியுங்கள். ஒரு புருவம் ஏறும், மற்றொன்று இறங்கும், உதடு ஒரு பக்கமாகச் சுழியும். நிஜச் சிங்கத்துக்கு அப்படிப் புருவமே கிடையாது. கையால் வரைந்தவர்கள் மனிதனின் வஞ்சகத்தைச் சிங்கத்தின் முகத்தில் ஏற்றினார்கள். 2019இல் நிஜம் போல இருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. அப்பா செத்துக் கிடக்கும்போது குட்டிச் சிங்கம் சிம்பாவின் முகத்தில் தெரிவது ஒரு பூனைக்குட்டியின் முகம். அழுகை கேட்கிறது, கண்ணில் இல்லை. கணினியில் ஒவ்வொரு மயிரையும் அசைக்க ஆள் இருந்தார்கள். சிங்கத்தை நடிக்கவைக்கும் உரிமைதான் யாருக்கும் இல்லை.

குளச்சல் கரை

கடல் பற்றிய பேச்சு என்பதால் நுழைகிறேன். முதல் மோவானாவில் கையை நீட்டி, விரலால் நட்சத்திரத்தின் உயரம் அளக்கக் கற்றுக்கொள்வாள். அதைப் பார்த்து எங்கள் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். எங்கள் கரையில் பழைய ஆட்கள் பகலில் மலை உச்சியும் கோவில் கோபுரமும் எந்தக் கோணத்தில் ஒன்றுக்கொன்று நேராக வருகின்றன என்று பார்த்தே கடலடியில் பார் (பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். இரவில் வெள்ளி, அதாவது நட்சத்திரம், பார்ப்பார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு அது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வெளிநாட்டுப் படத்தில் அந்த வித்தையை மரியாதையோடு காட்டியது பெரிய விஷயம்.

இரண்டாம் படத்தில் அவள் ஏற்கெனவே தேர்ந்த மாலுமி. கற்றுக்கொள்ள எதுவுமில்லை. வானத்தில் தீக்கோளம் போகிறது, அதன் பின்னாலேயே போகிறாள். வழியைக் கண்டுபிடிக்கிறவளைப் பற்றிய கதையில் வழியை வானமே காட்டிக்கொடுத்தால் அவளுக்கு என்ன வேலை? புயல் வருகிற இடத்தில் தாத்தா கேட்ட கேள்வி: இத்தனை காற்றில் பாயை ஏன் இறக்கவில்லை?

கோட்டாறுக்காரன்

தாத்தாவிடம் சொல்லுங்கள், இந்த இழையிலேயே சிறந்த விமர்சனம் அவருடையது.

பூதப்பாண்டி மாமா

பிள்ளைகளே, நான் அனிமேஷன் படம் அதிகம் பார்த்தவன் இல்லை. பேத்திகள் போடுவதைப் பார்ப்பேன். ஆனால் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவன். அதுவும் விளக்கு வெளிச்சத்தில் படம் அசைவதுதானே. நம் மாவட்டத்தில் பாவை ஆட்டுகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசுவார்கள், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தமிழில் ராமாயணம் நடத்துவார்கள். ஒரே ஆள் ராமனாகவும் ராவணனாகவும் சீதையாகவும் பேசுவார்.

அதில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. ராமாயணத்தில் இல்லாதவர்கள், எங்கே வேண்டுமானாலும் நுழைவார்கள். ஊர்ப் பெரிய மனிதரைக் கிண்டல் செய்வார்கள், அடித்துக்கொள்வார்கள், கெட்ட வார்த்தைக்குப் பக்கம்வரை போய்த் திரும்புவார்கள். நாங்கள் அவர்களுக்காகத்தான் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்போம். ஆனாலும் மறுநாள் கூத்துக்கு 'இன்று உச்சிக்குடும்பன் பட்டாபிஷேகம்' என்று எந்த ஆட்டக்காரரும் அறிவித்ததில்லை. இலங்கை எரியும்போது அவர்கள் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பதால்தான் சிரிப்பு வருகிறது. இலங்கையை எடுத்துவிட்டால் அவர்கள் வெறும் இரண்டு தோல் துண்டுகள்.

பேத்திகள் 'கார்ஸ்' இரண்டாம் பாகம் போட்டார்கள். முதல் படத்தில் பந்தயக் காருக்குத் துணையாக வந்த பல்லுப்போன இழுவை வண்டியை இதில் உளவாளி ஆக்கியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. உச்சிக்குடும்பனுக்குப் பட்டாபிஷேகம் நடத்திவிட்டார்கள்.

சுங்கான்கடை2004

மாமா, இதைப் போஸ்டர் அடித்து ஒட்டலாம். சேர்த்துக்கொள்ள ஒரு தகவல்: அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் பிரிவு வந்ததிலிருந்து, பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறாத முதல் பிக்ஸார் படம் 2011இல் வந்த அந்த 'கார்ஸ் 2'தான். அதை இயக்கியவரும் வீடியோ தொடர்ச்சிகளை நிறுத்திய அதே ஜான் லாசெட்டர்.

தக்கலை ஆசிரியை

மாமா சொன்னது சுவையாக இருக்கிறது, ஆனால் முழுவதும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'டெஸ்பிகபிள் மீ' படத்து மஞ்சள் மினியன்கள் கோமாளிகள்தானே? 2015இல் அவர்களுக்கென்று தனிப் படம் எடுத்தார்கள், அதுவும் ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியது. என் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் அந்த மஞ்சள் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் நம்முடைய பழைய நினைவைக் காப்பாற்றச் சண்டை போடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். வாசிப்பு வகுப்பில் சில நேரம் 'பார்த்த படத்தின் கதையைச் சொல்லுங்கள்' என்பேன். மினியன்கள் படம் என்றால் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்கள், விழுவார்கள், வாழைப்பழம் தின்பார்கள். 'பிறகு என்ன நடந்தது?' என்றால் இன்னொரு காட்சியை நடிப்பார்கள். எது முன், எது பின் என்று வகுப்பே சண்டை போடும். 'கோகோ' படத்தைச் சொன்ன ஒரு பெண் குழந்தை உட்கார்ந்தபடியே, கையைக்கூட ஆட்டாமல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொன்னாள். பாட்டிக்கு முன்னால் அந்தப் பையன் கிதார் வாசிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். பின்வரிசைப் பையன்கள்கூடச் சத்தம் போடவில்லை.

அதனால் மினியன் படம் மோசம் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. சிரித்துவிட்டு மறந்துபோகும் படத்துக்கும் காசு கொடுக்கலாம். முதல் படத்தில் அழவைத்துவிட்டு, அதே பெயரில் இரண்டாவதாகச் சிரித்து மறக்கும் படத்தை விற்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று, கோமாளியை நாயகனாக்கி வென்ற படமும் இருக்கிறது மாமா. 2004இல் 'ஷ்ரெக் 2'வில் துணைக்கு வந்த பூட்ஸ் போட்ட பூனைக்கு 2022இல் 'தி லாஸ்ட் விஷ்' என்று ஒரு படம் வந்தது. பேத்திகளோடு பாருங்கள்.

பூதப்பாண்டி மாமா

பார்த்தேன் டீச்சர். பேத்திகள் நேற்று இரவே போட்டுவிட்டார்கள்.

அந்தப் பூனைக்கு ஒன்பது உயிர். எட்டு போய்விட்டது. சீட்டியடித்துக்கொண்டு ஓநாய் வருகிறது, கையில் இரண்டு அரிவாள். சீட்டிச் சத்தம் கேட்டதும் பூனையின் முதுகு மயிர் குத்திட்டு நிற்கிறது. காட்டுக்குள் ஓடி, மூச்சு வாங்க முடியாமல் மரத்தில் சாய்ந்துவிடுகிறது. ஒரு நோஞ்சான் நாய் வந்து ஒன்றும் பேசாமல் அதன் வயிற்றில் தலையை வைத்துக்கொள்கிறது. சின்னப் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுபது கழிந்தவனுக்கு அந்த ஓநாய் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் டீச்சர், அது கோமாளிக் கதை இல்லை. பூனையிடமிருந்து கோமாளித்தனத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் கதையையே தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு ஓர் இலங்கை கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்னது நிற்கிறது.

தக்கலை ஆசிரியை

விட்டுக்கொடுக்கமாட்டீர்கள்.

கோட்டாறுக்காரன்

டிஸ்னியை மட்டுமே வெளுத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் படங்கள்? 'கோச்சடையான்' வந்தபோது குடும்பத்தோடு போனவர்கள் யாராவது உண்டா?

கழக்கூட்டம் ரயில்

உண்டு. 2014 மே, கோடை விடுமுறை. நடிகர்களின் உடல் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் முறையில் எடுத்தது. மறைந்த நாகேஷை உருவாக்கிக் கொண்டுவந்தார்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ரஜினியிடம் நாம் பார்ப்பது கண்ணும் விரலும் நடையின் வேகமும். அவ்வளவும் பதிவில் நழுவிவிட்டது. கண் எங்கேயோ பார்க்கிறது, வாய் எதையோ பேசுகிறது. ரஹ்மானின் இசை முழு உயிரோடு ஓட, திரையில் பொம்மைகள் நடக்கின்றன. மனித முகத்தைப் பாதி சரியாகச் செய்தால் அது முழுத் தவறாகத் தெரியும். எலியையோ பூனையையோ செய்திருந்தால் மன்னித்திருப்போம்.

ஆனால் நம்மவர்களுக்குக் கணினி வேலை தெரியாது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். 2000இலேயே சென்னையில் பெண்டாமீடியா 'பாண்டவாஸ்' என்ற 3டி அனிமேஷன் படத்தை முடித்துத் தேசிய விருது வாங்கியது. 2007இல் தமிழிலேயே 'இனிமே நாங்கதான்' வந்தது, இளையராஜா இசை. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

தொடர்ச்சிப் பட்டியலில் எங்கள் பக்கத்து வீட்டுப் படம் ஒன்றும் உண்டு. 2005இல் 'ஹனுமான்' இந்தியில் நன்றாக ஓடியது. 2007இல் 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்'. இயக்கியவர் அனுராக் காஷ்யப் என்றால் இன்று நம்பமாட்டார்கள். அனிமேஷன் செய்தது திருவனந்தபுரத்து டூன்ஸ். அனுமன் இந்தக் காலத்தில் ஒரு சிறுவனாகப் பிறந்து பள்ளிக்கூடம் போகிறான். முதல் படத்தில் கடலைத் தாண்டியவனை இரண்டாம் படத்தில் பள்ளி மைதானத்தில் இறக்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது முதல் படத்தை நகலெடுக்கவில்லை, வேறு எதையோ முயன்றது. சறுக்கியதுதான், சோம்பலால் இல்லை. இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுங்கான்கடை2004

'மகாவதார் நரசிம்மா' பற்றி யாரும் பேசவில்லையே? 2025 ஜூலையில் தமிழிலும் வந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி, தூண் பிளந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நட்சத்திரம் இல்லை, பெரிய விளம்பரம் இல்லை, பேசிப் பேசியே ஓடியது.

மார்த்தாண்டத்து அம்மா

படம் பிடித்திருந்தது. ஆனால் அதை ஏழு படங்கள் கொண்ட வரிசையின் முதல் படம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். கதை தசாவதாரம், ஆகையால் இழுக்க இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஏழு என்று கேட்டதும் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கழக்கூட்டம் ரயில்

தசாவதாரத்தில் ஒவ்வோர் அவதாரமும் புதுக் கதை, புது வில்லன், புது முடிவு. அது பரவாயில்லை அக்கா. தவறாகப் போவது, முடிந்த கதையைத் திறக்கும்போதுதான். முதல் படத்தில் கற்றுக்கொண்டதை இரண்டாம் படத்தில் நாயகன் மறந்திருக்க வேண்டும், அப்போதுதான் மறுபடி கற்றுக்கொள்ள முடியும். இந்த ஒரு தந்திரத்தில் ஓடும் தொடர்ச்சிகள் ஏராளம். 2002இல் தொடங்கிய 'ஐஸ் ஏஜ்' 2016இல் ஐந்தாம் படத்துக்கு வந்தபோது, கொட்டையைத் துரத்தும் அணிலை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பூமியில் கற்றுக்கொள்ள எவருக்கும் பாடம் மிச்சமில்லை.

சரியாகத் திறந்த படம் 'டாய் ஸ்டோரி 2', 1999. அதுவும் வீடியோவுக்கென்று தொடங்கியதுதான். கதை சரியில்லை என்று தெரிந்ததும் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்து, ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் மறுபடி செய்தார்கள். ஆட்களுக்குக் கை மணிக்கட்டு போனது, அதை வீரக்கதையாக நான் கொண்டாடமாட்டேன், என் கையும் வலிக்கிறது. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி புதியது. முதல் படத்தில் உட்டி என்ற பொம்மைக்கு, ஆண்டி இன்னொரு பொம்மையை விரும்பிவிடுவானோ என்று பயம். இரண்டாம் படத்தில், ஆண்டி வளர்ந்துவிடுவானே என்று பயம். முதலாவதை உட்டியால் சரிசெய்ய முடியும். இரண்டாவதை யாராலும் முடியாது.

குளச்சல் கரை

அப்படியானால் 'டாய் ஸ்டோரி' ஐந்தாவதும் எதற்கு? 2010இல் மூன்றாம் பாகத்தில் ஆண்டி பொம்மைகளைக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான். நான் அழுதேன், முடிந்தது. 2019இல் நான்காவது எடுத்தார்கள். பிறகு ஐந்தாவதும் அறிவித்தார்கள், இந்த முறை பொம்மைகளுக்குப் போட்டி டேப்லெட்டாம்.

மார்த்தாண்டத்து அம்மா

டேப்லெட்டுக்கு எதிரான படத்தை என் வீட்டில் டேப்லெட்டில்தான் பார்ப்பார்கள்.

தக்கலை ஆசிரியை

நான் முதல் வாரம் போகமாட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் யாராவது பார்த்துவிட்டு வருவார்கள். கதையை வரிசையாகச் சொன்னால் டிக்கெட் எடுப்பேன். நடித்து மட்டும் காட்டினால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டாறுக்காரன்

டீச்சர், அந்தத் திங்கட்கிழமை இரவு இந்த இழையில் ஒரு வரி போட்டுவிடுங்கள். எங்களுக்கும் செலவு மிச்சம். பூதப்பாண்டி மாமா, இந்தக் கோடையில் பாவைக்கூத்து எந்தக் கோவிலில் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், பிள்ளைகளைக் கூட்டிவருகிறேன்.